வைரஸும் நாமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்பதால், கொரோனா வந்த 2020 மார்ச் தொடக்கம் என்னிடம் வந்த கேள்விகளுக்குக் கணக்கில்லை. பிள்ளைகள் கேட்டவை குறைவு. அவர்களுடைய அம்மாமாரும் உம்மாமாரும், ஓட்டோ ஓட்டுகிற தம்பிமாரும், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்மாரும் கேட்டவைதான் கூட. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தத் தொற்று வருத்தத்தின் பெயரைக் கேட்டாலும் நான் முதலில் தேடுவது "இது எந்த வழியால் பரவுது?" என்பதைத்தான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியில் இருந்து வந்தவை.

வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா?

பரீட்சைக்கென்றால் "உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டது" என்று எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். உண்மையும் ஏறக்குறைய அதுதான். வைரஸுக்குள்ளே இருப்பது டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்கிற பரம்பரைச் செய்தி. அதைச் சுற்றிப் புரத உறை. சிலவற்றுக்கு அதற்கும் மேலே ஒரு கொழுப்புப் படலம். அவ்வளவுதான். சாப்பிடாது, மூச்சு விடாது, தானாகப் பெருகாது. இன்னொரு உயிரின் கலத்துக்குள் புகுந்தால் மட்டும் வேலை தொடங்கும். டவுனில் அச்சகம் வைத்திருக்கிற ஒருவருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: இரவோடு இரவாக யாரோ புகுந்து உங்கட மெஷினில், உங்கட பேப்பரில், உங்கட மையில் தன்னுடைய நோட்டீஸை ஆயிரக்கணக்கில் அடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டால் எப்படி? கலத்துக்கு நடப்பது அதுதான்.

கொரோனா வைரஸின் செய்தி ஏறக்குறைய 30,000 எழுத்து நீளம். மனிதனுடையது 300 கோடிக்கு மேல். அந்த 30,000 எழுத்துத்தான் உலகத்தை வீட்டுக்குள் இருத்தியது.

"கண்ணுக்குத் தெரியாத ஒண்டை எப்பிடி மனே கண்டுபிடிச்சாங்க?"

இது பக்கத்து வளவு மாமி கேட்டது. நல்ல கேள்வி.

முதலில் ஒருவரும் வைரஸைக் காணவில்லை, அது செய்த வேலையைத்தான் கண்டார்கள். 1892இல் ரஷ்யாவில் திமித்ரி இவனோவ்ஸ்கி நோய் பிடித்த புகையிலை இலையின் சாற்றை பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்துகிற பீங்கான் வடியால் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நல்ல இலைக்கு நோயைக் கொடுத்தது. அப்படியென்றால் பற்றீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். 1898இல் ஒல்லாந்து நாட்டு மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் அதையே செய்து பார்த்து, இது வேறு வகைக் கிருமி என்று சொன்னார். கண்ணால் காண 1930களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வரவேண்டியிருந்தது. கொரோனா வைரஸ் 100 நானோமீட்டர் அளவு. அடிமட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் 10,000 வைரஸை வரிசையாக அடுக்கலாம்.

மனிதரில் தொற்றுகிற கொரோனா வைரஸை 1960களில் முதன்முதல் படம் பிடித்தவர் ஜூன் அல்மெய்டா என்ற ஸ்கொட்லாந்துப் பெண். அப்பா பஸ் ஓட்டியவர். மகள் 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சாதாரண தரத்தோடு படிப்பு முடிந்துவிட்டது என்று அழுகிற பிள்ளைகளுக்கு இவரைப் பற்றி நான் தவறாமல் சொல்வேன்.

எல்லா வைரஸும் மனிசனுக்கு எதிரியா?

இல்லை. பெரும்பாலானவற்றுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. ஒரு மில்லிலீட்டர் கடல் நீரில் இலட்சக்கணக்கில், சில இடங்களில் கோடிக்கணக்கிலும் வைரஸ்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பற்றீரியாக்களைத் தாக்குபவை. கல்லடியில் கடல் குளித்துவிட்டு வருகிறவர் விழுங்கிய ஒரு மிடறு தண்ணீரில் எத்தனை போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்; ஒன்றும் ஆகாது. நம்முடைய டி.என்.ஏ.யிலேயே நூற்றுக்கு எட்டுப் பங்கு, நம் முன்னோரைத் தொற்றிய பழைய வைரஸ்களின் மிச்சம். கர்ப்பத்தில் நச்சுக்கொடி உருவாக உதவுகிற புரதம் ஒன்று கூட அப்படி வந்ததுதான்.

கொரோனா எப்படித்தான் பரவியது? சாமானைத் தொட்டா, காற்றாலா?

பிரதானமாகக் காற்றால். தொற்றியவர் மூச்சு விடும்போதும், கதைக்கும்போதும், பாடும்போதும், இருமும்போதும் வெளியே வருகிற துளிகளோடு வைரஸும் வரும். பெரிய துளிகள் கிட்டவே விழுந்துவிடும். நுண்ணிய துளிகள் அடைத்த அறைக்குள் நெடுநேரம் மிதக்கும். சாமான்களைத் தொட்டுத் தொற்றுவதும் நடக்கலாம், ஆனால் அது சின்னப் பங்கு.

ஆரம்பத்தில் இது எவருக்கும் தெளிவாகத் தெரியாது. மரக்கறியைச் சவுக்காரத்தில் கழுவினோம், காசைத் தகரப் பேணியில் போட்டு வெயிலில் வைத்தோம், வீதிகளுக்குக் குளோரின் அடித்தார்கள். வீதிக்கு மருந்தடிப்பதால் பலனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பவுசர் வைத்து அடித்தார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அடைத்த வகுப்பறை யன்னலைத் திறந்துவிடுவதைப் படம் எடுத்துப் போட முடியாதே!

வழி தெரியாமல் பயந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மீன் ஒரு நல்ல உதாரணம். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய இரண்டாம் அலை பேலியகொட மீன் சந்தைக்குப் போனது. அங்கே போய்வந்த வியாபாரிகள் வழியாக வாழைச்சேனைக்கும் வந்து சேர்ந்தது. உடனே நாடு முழுக்க மீன் வாங்க ஆளில்லை. பரப்பியது மீன் இல்லை. விடியற்காலையில் நெருக்கியடித்து நின்று ஏலம் கூறிய மனிதர்களின் மூச்சு. முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதே நாட்களில் இந்தப் பக்கத்துக் கரைவலைக்காரர் பிடித்த மீனை என்ன விலைக்கு விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்றுக் கண்டபோதும் இதே கதைதான். சந்தை என்றால் கூரை, கூட்டம், சத்தம் போட்டுக் கதைப்பது. வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

சவுக்காரமா, சனிடைசரா?

சவுக்காரம். கொரோனாவைப் போலக் கொழுப்புப் படலம் உள்ள வைரஸ்களின் படலத்தை அது உடைத்துவிடும். படலம் உடைந்தால் வைரஸ் செத்த மாதிரித்தான். சனிடைசரும் (அற்ககோல் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால்) அதைச் செய்யும். ஆனால் வாந்தி, வயிற்றோட்டம் தருகிற நோரோ வைரஸ் போன்றவற்றுக்கு அந்தப் படலமே இல்லை. அவற்றுக்கு சனிடைசர் அவ்வளவாக எடுபடாது. தண்ணீரும் சவுக்காரமும் போட்டு உரசித்தான் போக்க வேண்டும்.

"நம்மட வெயிலுக்கு வைரஸ் நிக்குமா சேர்?"

நிற்கும். நம் உடம்புக்குள் 37 பாகை. அங்கேதானே அது பெருகுகிறது? சித்திரை வெயில் 34 பாகை அதற்கு ஒரு பொருட்டில்லை. வெளியில் தொற்று குறைவாக இருந்ததற்குக் காரணம் காற்றோட்டமும், வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும். ஆகவே திண்ணையில் இருந்து கதைப்பது நல்லது, மின்விசிறியைப் போட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு கதைப்பது கூடாது.

மாஸ்க் துணிக்குள்ளால் வைரஸ் போகாதா? அது அவ்வளவு சின்னதாயிற்றே?

வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை, துளியோடு வருகிறது. மாஸ்க் பிடிப்பது துளியை. துணி மாஸ்க் கொஞ்சம், சத்திரசிகிச்சை மாஸ்க் அதைவிட, முகத்தோடு ஒட்டி நிற்கிற என்95 எல்லாவற்றையும் விட. நாடிக்குக் கீழே தொங்குகிற மாஸ்க் பொலிசுக்கு மட்டும்.

கொத்தமல்லி, வேர்க்கொம்பு, வேது பிடிப்பது, பாணி... இதெல்லாம் பலனில்லையா?

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர் தொண்டைக்கு இதம். காய்ச்சல்காரருக்கு நீராகாரம் எப்போதும் தேவை. நானும் குடிப்பேன். ஆனால் அது வைரஸைக் கொல்லாது. வேது பிடித்தால் மூக்கடைப்பு இளகும், நுரையீரலுக்குள் இருக்கிற வைரஸ் சாகாது. ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளைகளைப் போர்வைக்குள் விட்டுக் கொதிதண்ணீர்ச் சட்டியைக் கொடுக்காதீர்கள். கவிழ்ந்து வெந்த கால் கொரோனாவை விட மோசம்.

பாணிக்கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாணியில் என்ன இருந்ததோ, அந்த வரிசையில் வைரஸுக்கு நல்ல வசதி இருந்தது. பாணியைக் குடித்துக் காட்டிய அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்றியது.

எது மருந்து, எது இல்லை என்பதைப் பெரிய எண்ணிக்கையான நோயாளரை இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்துத்தான் அறியலாம். இங்கிலாந்தில் அப்படிச் செய்த சோதனையில் டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்ரெரொயிட் மருந்து, ஒட்சிசன் தேவைப்படும் அளவுக்கு முற்றிய நோயாளரின் சாவைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் தெரிந்தது. உலகமே கொண்டாடிய ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதே சோதனையில் தோற்றது. ஆங்கில மருந்து என்பதற்காக எதுவும் தப்பிப்பதில்லை.

அன்டிபயோட்டிக் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது பற்றீரியாவுக்கு. வைரஸ் காய்ச்சலுக்கு பாமசியில் கேட்டு வாங்கிப் போட்டால் காசும் போகும், பிறகு உண்மையில் தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமலும் போகும்.

அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை கட்டுகிறோம். அது மூடநம்பிக்கையா?

கொப்புளிப்பான் (சின்னம்மை) ஒரு வைரஸ் நோய். அம்மாள் வந்திருக்கிறாள் என்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வேப்பிலையைக் கண்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார். வருத்தக்காரர் தனிப் பாயில், தனிக் கோப்பையோடு இருப்பார். வீட்டில் விசேஷம் வைக்கமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் மட்டும் வெளியே போகவும் மாட்டார். இது பக்கா தனிமைப்படுத்தல். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை மற்றவருக்குத் தொற்றும் என்று வைத்தியர் சொல்வதும், தண்ணீர் வார்க்கும் நாளும் பெரும்பாலும் ஒத்துவரும்.

கிழக்கில் இதற்கு ஒரு நீண்ட பின்னணி உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடந்து, முடிவில் குளிர்த்தி பாடுவார்கள். வெப்பு வருத்தங்கள் அம்மனின் கோபத்தால் வருபவை, அவளைக் குளிர்வித்தால் ஊர் குளிரும் என்பது நம்பிக்கை. பெரியம்மை வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோன காலத்தில் இந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதைக் குளிர்த்திப் பாடலைக் கேட்டால் உணரலாம். அந்தப் பெரியம்மை இப்போது இல்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் 1977இல் சோமாலியாவில். 1980 மே மாதம் உலகத்தில் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. 2020 வைகாசியில் சடங்குகளைக் கூட்டமில்லாமல் செய்ய வேண்டி வந்தபோது மனம் கஷ்டப்பட்டவர்களுக்கு நான் சொன்னது, அம்மாள் வந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதும் அவளுக்குக் கொடுக்கிற மரியாதைதான் என்று. ஒரு வண்ணக்கர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

வேப்பிலையோடு இவற்றையும் கவனியுங்கள். கொப்புளிப்பான் உள்ள பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்கோ, வளர்ந்தவருக்கோ வந்தால் வைத்தியரைக் காட்ட வேண்டும், மருந்து இருக்கிறது, ஆனால் முதல் நாளே தொடங்கினால்தான் நல்ல பலன். இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதுமில்லை; நரம்புக்குள் ஒளிந்திருந்து வயது போனபிறகு அக்கியாக வெளியே வரும்.

கொரோனாவால் இறந்தவர்களை ஓட்டமாவடியில் ஏன் அடக்கம் செய்தார்கள்? சடலத்தால் தண்ணீருக்குள் வைரஸ் போகுமா?

நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொரோனாவால் இறந்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இது எந்த வழியால் பரவுது? மூச்சால். இறந்தவர் மூச்சு விடுவதில்லை. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும், செத்த உடம்பில் அது பெருகாது. மண்ணுக்குள் ஆறடி இறங்கி, நீரோடு ஓடி, கிணற்றுக்குள் வந்து, குடித்தவரின் சுவாசப்பாதையில் தொற்றியதாக உலகத்தில் எங்கேயும் காட்டப்படவில்லை. புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டல் கொடுத்திருந்தது. உலகத்தின் மிகப் பெரும்பாலான நாடுகள் புதைக்க விட்டுக்கொண்டுதான் இருந்தன. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்றது.

ஆனால் பத்து மாதத்துக்கு மேலாக எரித்தார்கள். பிறந்து இருபதே நாளான குழந்தையையும் எரித்தார்கள். முஸ்லிம் வீடுகளில் அது எப்படி விழுந்தது என்பதைக் காத்தான்குடியிலோ கல்முனைக்குடியிலோ போய்க் கேட்கத் தேவையில்லை, அந்த நாட்களில் எதிர்ப்பைக் காட்டக் கம்பிவேலிகளில் கட்டிய வெள்ளைத் துணியே போதும். கத்தோலிக்கருக்கும் இந்துக்களில் புதைக்கிற வழக்கம் உள்ள குடும்பங்களுக்கும் அது நோவுதான்.

2021 பெப்ரவரி கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள், அங்கத்தைய மீனவ மக்கள் எதிர்த்தார்கள். பிறகுதான் ஓட்டமாவடிக்கு அப்பால் சூடுபத்தினசேனை, மஜ்மா நகர். 2021 மார்ச் 5இல் அடக்கம் தொடங்கியது. அடுத்த ஒரு வருடம் நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் புதைக்க வேண்டுமென்றால் இங்கேதான் கொண்டுவர வேண்டும். காலியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வாகனத்துக்குப் பின்னால் வாகனமாக வந்தார்கள், கூட வர விட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினரை. 3,600க்கு மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள்; இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் இருந்து அவரவர் மையவாடியிலும் மயானத்திலும் அடக்கலாம் என்று விட்டார்கள். கட்டாயமாக எரித்ததற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இதில் அறிவியல் ஒன்றும் கஷ்டமானதல்ல. என்னுடைய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கரும்பலகையில் அரை மணித்தியாலத்தில் எழுதிக் காட்டியது. தெரிந்திருந்தும் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கசப்பு. அறிவியலின் பெயரைச் சொல்லி யாராவது உங்கள் சடங்கில் கைவைத்தால், சான்று எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதே உரிமையோடு, சான்று இருக்கிற இடத்தில் சடங்கை ஒதுக்கிவைக்கவும் வேண்டும். கோயில் கூட்டத்தையும் ஜும்ஆவையும் நிறுத்தியதற்குச் சான்று இருந்தது. எரித்ததற்கு இருக்கவில்லை.

ஆட்கள் ஏன் காய்ச்சலை மறைத்தார்கள்?

பயத்தால் இல்லை, வெட்கத்தால். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்த 2020 மார்ச் 10இல் முதலில் திறந்த நிலையங்களில் ஒன்று நம் புணானையில். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மதிலுக்கு உள்ளே இருக்கிறவரின் மூச்சு மதிலுக்கு வெளியே இருக்கிற ஊரைத் தொற்றாது என்று எவரும் வந்து ஆறுதலாக எடுத்துச் சொல்லவில்லை, பஸ்களை மட்டும் அனுப்பினார்கள். பிறகு வீடுகளுக்குக் கேற்றில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்புலன்ஸ் வந்து நின்றால் முழு ஒழுங்கையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. ஒரு வீட்டில் தொற்று என்றால் அந்த வீட்டுப் பிள்ளை பிறகு பள்ளிக்கு வந்தபோதும் பக்கத்து மேசை வெறுமையாகத்தான் இருந்தது. இப்படி இருந்தால் எந்தத் தாய் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) போய்ச் சொல்வாள்? பனடோலைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருப்பாள். 2021 ஓகஸ்ட், செப்ரெம்பரில் டெல்டா திரிபு வந்தபோது மூச்சுத் திணறலோடு கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலர் அப்படி இருந்தவர்கள்.

ஊரடங்கு தேவைதானா?

முதலாவது ஊரடங்கு தேவைதான். 2020 மார்ச் 20இல் போட்டபோது மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, வைரஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலம் வாங்கத்தான் அது. பிறகு வந்தவற்றில் எனக்குச் சந்தேகம் உண்டு. நாட்கூலிக்கு ஊரடங்கு என்பது பட்டினி. அரசு கொடுத்த 5,000 ரூபாய்க் கொடுப்பனவு எத்தனை நாளைக்குப் போகும்? கிழமைக் கடன் கட்டுகிற பெண்களின் நிலை அதைவிட மோசம். மேசன், கூலிக்கு நெல் மூட்டை தூக்குகிறவர், சந்தையில் மரக்கறி விற்கிற கிழவி எல்லாரும் வீட்டில். சம்பளம் வருகிற எங்களைப் போன்றவர்கள் "வீட்டில் இருங்கள்" என்று வட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டோம்.

பள்ளிக்கூடம் மூடியதன் கணக்கு இன்னும் தீரவில்லை. என்னுடைய வகுப்பில் இரண்டு சகோதரிகளுக்கு ஒரு போன். அதுவும் வாப்பா வயலுக்குக் கொண்டுபோய்விடுவார். இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து கொப்பிப் படங்கள் வரும், மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் நிழல் விழுந்து. மூத்தவள் கணக்குக் கேள்விக்கு உயிரியல் குழுவில் பதில் போட்டிருப்பாள், அவசரத்தில். அந்த இரண்டு வருடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக வேண்டியிருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் பின்தங்கினார்கள் என்பதை ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளிடம் கேளுங்கள்.

ஊசி போட்டும் ஏன் கொரோனா வந்தது?

ஊசியின் முதல் வேலை சாகாமல் காப்பது. அதை நன்றாகச் செய்தது. தொற்றையே தடுப்பது கொஞ்ச மாதத்துக்குத்தான், அதுவும் ஒமிக்ரோன் வந்தபிறகு இன்னும் குறைந்தது. இலங்கையில் 2021 ஜனவரி 29இல் இந்தியா கொடுத்த அஸ்ட்ராசெனெகாவோடு தொடங்கினார்கள். நம் பக்கம் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது சினோபார்ம். அது கொல்லப்பட்ட வைரஸால் செய்த பழைய முறை ஊசி. பூஸ்டராகப் போட்ட பைசர் எம்.ஆர்.என்.ஏ. முறை. அது கலத்துக்கு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிற தற்காலிகச் செய்தி, கலத்தின் கருவுக்குள் போகாது, டி.என்.ஏ.யைத் தொடாது, சில நாளில் அழிந்துவிடும். இந்த முறைக்கு வழிவகுத்த கத்தலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வெய்ஸ்மனுக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தது.

"ஊசி போட்டா பிள்ளை தங்காதாமே?" என்று என்னிடம் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்ட பெண்கள் பலர். தங்கும். ஊசி போட்டபின் பிள்ளை பெற்றவர்கள் நம் ஊரிலேயே நிறைய.

கொரோனா ஊசியின் மீது வந்த சந்தேகம் மற்ற ஊசிகளுக்கும் பரவியதுதான் எனக்குக் கவலை. சின்னமுத்தை (தட்டம்மை, மீசில்ஸ்) ஒழித்துவிட்டதாக இலங்கைக்கு 2019இல் சான்று கிடைத்தது. 2023இல் அது திரும்ப வந்தது. ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்தது. சின்னமுத்து காற்றில் இரண்டு மணித்தியாலம் நிற்கும், கொரோனாவை விட வேகமாகப் பரவும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் கொரோனாவா, டெங்கா?

நம் பகுதியில் முதலில் டெங்கை நினையுங்கள். வடகீழ்ப் பருவமழை நின்றதும் தை, மாசியில் அது கிளம்பும். 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு வந்து 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழி வேறு: பகலில் கடிக்கிற ஈடிஸ் நுளம்பு. ஆகவே மாஸ்க் உதவாது, வளவைத் துப்பரவாக்குவது உதவும். குரும்பைக் கோம்பை, யோகட் கோப்பை, பழைய டயர், பீலிக்குள் தேங்கிய சருகு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு. கடைசியை யாரும் பார்ப்பதில்லை.

தடிமன், இருமல் இருந்தால் கொரோனாப் பக்கம் சாயலாம். கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு உளைவு, தோலில் சிவப்பு என்றால் டெங்குப் பக்கம். ஆனால் அறிகுறியை வைத்து நீங்களே தீர்மானிக்க வேண்டாம், இரத்தம் பரிசோதியுங்கள். பனடோல் மட்டும் கொடுங்கள்; அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் கூடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடுகிற நேரம். "காய்ச்சல் விட்டுட்டு, இனிப் பயமில்ல" என்று நாம் ஆறுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும். வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் கடித்தால்?

விசர் நோயும் வைரஸ்தான். அறிகுறி தொடங்கினால் ஏறக்குறைய எல்லாரும் இறப்பார்கள். தொடங்குமுன் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லாரும் தப்புவார்கள். காயத்தைச் சவுக்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். பூனை கீறினாலும் காட்டுங்கள்.

வௌவால் கடித்த பழம் சாப்பிடலாமா?

கொரோனாவுக்குப் பிறகு வந்த கேள்வி. வௌவால்களில் பலவகை வைரஸ்கள் உண்டு, அவற்றுக்கு அது பெரும்பாலும் வருத்தம் தருவதில்லை. 2018இல் கேரளாவில் பரவிய நிபா வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். பங்களாதேஷில் வௌவால் வாய்வைத்த, காய்ச்சாத ஈச்சமரச் சாறு வழியாக அது மனிதருக்கு வந்திருக்கிறது. ஆகவே பல் பட்ட மாம்பழத்தையும் கொய்யாவையும் வெட்டி மிச்சத்தைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். முழுப் பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். மரத்தில் தொங்குகிற வௌவாலால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கல்லெறிந்து கலைக்கவும் வேண்டாம், மரத்தைத் தறிக்கவும் வேண்டாம். அவை நம் காடுகளுக்கு விதை போடுகிறவை. விழுந்து கிடக்கிறதை வெறுங்கையால் தூக்காதீர்கள். அது கடித்துவிட்டால் நாய்க்கடிக்குச் சொன்னதையே செய்யுங்கள்: 15 நிமிடம் சவுக்காரம், பிறகு ஆஸ்பத்திரி.